கடலுக்குப் பூட்டுப் போடுகிறார்களா?

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, சிட்னிக் கரையில் சில இடங்களையாவது தூண்டில் போடாமல் விட்டுவைக்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்திருந்தேன். வழக்கமாகத் தோட்டம், பென்ஷன், பிள்ளைகள் படிப்பு என்று கேட்கிறவர்கள்கூட இந்த முறை கடலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேர் நல்ல கோபத்தில் இருக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் கடலுக்கே.

கோபப்பட்டவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நானும் தூண்டில்காரன். 1994-ல் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்திலிருந்து தடியைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போகிறேன். எந்தப் பாறை என்று மட்டும் எழுத மாட்டேன். அதை எந்தத் தூண்டில்காரனும் சொல்ல மாட்டான்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை நானும் பையனும் மீன் பிடிக்கப் போவோம். அது ஒன்றுதான் நாங்கள் சேர்ந்து செய்கிற காரியம். சிட்னி முழுவதையும் கடல் பூங்கா ஆக்கிவிடுவார்கள், இனிமேல் கரையில் நிற்கவே முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மீன்பிடி உரிமத்துக்கு வருடத்துக்கு 35 டாலரும் வாங்கிக்கொண்டு கடலையும் மூடினால் என்ன நியாயம்?
– பென்டில் ஹில் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் நண்பர்கள் சொல்வது 2018-ல் எழுந்த புகையின் மிச்சம். அந்த வருடம் ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஒரு கடல் பூங்காத் திட்டத்தை வெளியிட்டது. நியூகாசிலில் தொடங்கி சிட்னி வழியாக வல்லங்காங் வரை 25 இடங்கள் அதில் இருந்தன. சிலவற்றில் மீன்பிடிப்பே கூடாது. சிலவற்றில் சில வகைப் பிடிப்புக்கு மட்டும் அனுமதி. மக்கள் கருத்துச் சொல்லக் கொடுத்த கெடு முடிவதற்குள்ளேயே தூண்டில்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். செப்டம்பரில் அமைச்சர், பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு எந்தக் கட்டுப்பாடும் வராது என்று அறிவித்துவிட்டார். அடுத்த மார்ச்சில் மாநிலத் தேர்தல் இருந்தது. அதோடு சரி.

இன்றைய நிலை என்ன? மாநிலத்தில் கடல் பூங்காக்கள் ஆறு. கேப் பைரன், சாலிடரி தீவுகள், போர்ட் ஸ்டீபன்ஸ், ஜெர்விஸ் பே, பேட்மன்ஸ், அப்புறம் தொலைவில் லார்ட் ஹோவ் தீவு. சிட்னிக்குள் ஒன்றும் இல்லை. பூங்கா என்றால் முழுக்கப் பூட்டு என்றும் நினைக்க வேண்டாம். அதற்குள்ளேயே பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். சரணாலயப் பகுதி என்று குறித்த இடத்தில் மட்டும்தான் தூண்டிலுக்கு இடமில்லை. மற்றப் பகுதிகளில் தூண்டில் போடலாம். சிட்னியில் இருப்பவை சிறிய நீர்வாழ் காப்பகங்கள். மேன்லியை ஒட்டிய கேபேஜ் ட்ரீ பே, போர்ட் ஹேக்கிங்கில் ஷிப்ராக் போன்ற ஓரிரண்டில்தான் எதையும் பிடிக்கக் கூடாது. லாங் ரீஃப் காப்பகத்தில் இன்றும் தூண்டிலில் மீன் பிடிக்கலாம்.

35 டாலர் விஷயத்தில் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. அந்தக் கட்டணம் கடலுக்கு 2001-ல் வந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு வலை போடும் தொழில்முறைப் படகுகளின் உரிமங்களைத் திரும்ப வாங்கி, 2002-ல் 30 இடங்களைப் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கென்றே ஒதுக்கினார்கள். பாட்டனி பே அதில் ஒன்று. நீங்களும் உங்கள் பையனும் அங்கே போய் நின்றால், உங்களுக்காக இன்னொருவர் தொழிலை விட்டுப் போன கடலில் நிற்கிறீர்கள். இதை எந்த மீன்பிடிக் கூட்டத்திலும் யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பையனுக்கு 18 வயது ஆகும்வரை கட்டணமே கிடையாது. பென்ஷன் அட்டை உள்ளவர்களுக்கும் கிடையாது, பூர்வகுடி மக்களுக்கும் கிடையாது.

2018-ல் அந்தத் திட்டத்தை எதிர்த்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். அதை மறைக்கப் போவதில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தோம். யாரோ திட்ட வரைபடத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். சின்னத் தாளில் கோடு தடித்துப்போய், நாங்கள் நிற்கும் துறை கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்றே தெரியவில்லை. எங்களோடு எப்போதும் ஒரு வியட்நாம் பெரியவர் இருப்பார். பேருந்தில் வருவார், ஒரு வாளி, ஒரு கைத்தூண்டில், அவ்வளவுதான் அவர் சாமான். தாளை வாங்கி, தான் நிற்கும் இடத்தில் விரலை வைத்து, "இங்கே நான் நிற்கலாமா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாத அந்த நிமிடத்தில்தான் மனுவில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெரியவருக்காகப் போட்டேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த மனுவில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 25 இடமும் வேண்டாம் என்றுதான் இருந்தது. படகு வைத்திருப்பவர் ஓர் இடம் மூடினால் இயந்திரத்தை முடுக்கி அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். பேருந்தில் வாளியோடு வருகிறவருக்கு அந்தத் துறை போனால் கடலே போயிற்று. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மனு எழுதினோம். கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை. கடலுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கேள்வி: என் கணவர் பாரமட்டா ஆற்றில், மெடோபேங்க் பக்கம் பிரீம் மீன் பிடித்து வருகிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் குழம்பு வைத்துக் கொடுக்கலாமா?
– ஹோம்புஷ் வாசகி

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. சிட்னி துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடித்த எந்த மீனையும் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அரசின் அறிவுரை. நீங்கள் குடியிருக்கும் பக்கத்திலேயேதான் காரணமும் இருக்கிறது. ஹோம்புஷ் பே கரையில், ரோட்ஸில், பல பத்தாண்டுகள் களைக்கொல்லியும் வேறு ரசாயனங்களும் தயாரித்தார்கள். அதன் கழிவில் இருந்த டையாக்ஸின் சேற்றில் படிந்தது. சேற்றைக் கிளறித் தின்னும் புழுவுக்குப் போய், புழுவைத் தின்னும் மீனுக்கு வந்தது. கொழுப்பில் தங்கிவிடும் நஞ்சு அது. கொதிக்க வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அழியாது. 2006-ல் துறைமுகம் முழுவதும் தொழில்முறை மீன்பிடிப்பை நிறுத்தியதற்கு இதுதான் காரணம்.

பாலத்துக்குக் கிழக்கே பிடித்ததை உண்ணலாம், ஆனால் பொதுவாக மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். 150 கிராம் என்றால் குழம்பில் இரண்டு துண்டு. மீன்வகைக்கு ஏற்ப அளவு மாறும். உங்கள் கணவர் அங்கேயே பிடிக்க ஆசைப்பட்டால் பிடிக்கட்டும், சட்டப்படி தடையில்லை. தூண்டில் முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் வேறு கரைக்குப் போகட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. கடல் பூங்கா வந்தால் நம் மீனைப் பறித்துவிடும் என்று கூட்டம் போட்டு முழங்குகிறோம். இந்த ஊரின் நடுவில், லட்சக்கணக்கான பேர் நடந்தே போய்த் தூண்டில் போடக்கூடிய ஆறு கண் முன்னால் ஓடுகிறது. அதன் மீனை நம் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டது எந்தப் பூங்காவும் இல்லை. அதற்காக யாரும் மனு கொண்டுவந்து என்னிடம் கையெழுத்துக் கேட்டதில்லை.

கேள்வி: கடலில் வேலி கிடையாது. மீனுக்குக் கோடும் தெரியாது. மூடிய இடத்திலிருந்து வெளியே வந்தால் பிடித்துவிடப் போகிறார்கள். அப்படியிருக்க, சின்ன இடத்தை மூடி என்ன பயன்?
– டூங்காபி மாணவர்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. எல்லா மீனும் ஊர் சுற்றுவதில்லை. கிங்ஃபிஷ் மாதிரி ஓடுகிற மீனுக்குச் சின்னக் காப்பகத்தால் பெரிய பயன் இல்லை. ஆனால் புளூ க்ரோப்பர் ஒரே பாறைக் கூட்டத்தில் தங்கி வளர்ந்து கிழடாகிற மீன். எல்லாமே பெண்ணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும், பழுப்பு நிறத்தில் இருக்கும். வளர்ந்தபின் சில மட்டும் ஆணாக மாறி அந்த நீல நிறத்துக்கு வரும். ஒரு பாறைப் பக்கத்தில் பெரிய நீல ஆண் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைக் கொன்றால் அந்தப் பாறையின் குடும்பமே குலையும். 2023 டிசம்பர் கடைசியில் க்ரோனுல்லாவில் ஊரே பெயர் வைத்துக் கொஞ்சிய ஒரு க்ரோப்பரை ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். ஈட்டியால் குத்துவது 1969-லிருந்தே தடை. தூண்டிலில் பிடிக்கலாம் என்று இருந்தது. 2024 பிப்ரவரியில் அதையும் நிறுத்தினார்கள். நம் மாநிலத்தின் அடையாள மீன் அது.

இனி குஞ்சுகளின் கதை. குயின்ஸ்லாந்தில் கெப்பல் தீவுகள் பக்கம் ஆராய்ச்சியாளர்கள் ஓர் அருமையான வேலை செய்தார்கள். மூடிய பாறைகளில் வாழும் பெரிய மீன்களிலிருந்து துளி சதை எடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் கிடைத்த குஞ்சுகளின் மரபணுவோடு அதை ஒப்பிட்டு, எந்தக் குஞ்சு யார் பிள்ளை என்று கண்டுபிடித்தார்கள். கோரல் ட்ரௌட், ஸ்ட்ரைப்பி என்ற இரண்டு மீன்களில் பார்த்தார்கள். அந்தப் பகுதிப் பாறைப் பரப்பில் 28 சதவீதம்தான் மூடியிருந்தது. 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி அந்த 28 சதவீதத்திலிருந்து வந்தவை. 2012-ல் வெளியானது இது. ஆக, கோட்டுக்கு வெளியே நீ பிடிக்கும் மீனின் தாய் கோட்டுக்கு உள்ளே இருக்கலாம்.

கோடு போட்டால் போதுமா என்றால், போதாது. டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் கிரஹாம் எட்கரும் சகாக்களும் 2014-ல் உலகம் முழுவதும் 87 காப்பிடங்களைப் பார்த்துச் சொன்னது இது: எதையும் பிடிக்கக் கூடாது, காவல் இருக்க வேண்டும், பத்து வருடத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும், நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பெரிதாக இருக்க வேண்டும், ஆழ்கடலாலோ மணலாலோ தனித்து இருக்க வேண்டும். இந்த ஐந்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்த இடங்களுக்கும் மூடாத கடலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பாதிக்கு மேற்பட்டவை அப்படித்தான் இருந்தன. காகிதப் பூங்கா என்று தூண்டில்காரர்கள் கேலி செய்வதில் உண்மை இருக்கிறது.

அப்படிப் பார்த்தால் கேபேஜ் ட்ரீ பே வெறும் 20 ஹெக்டேர்தான். கணக்குப்படி அதில் ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. ஒரு நாள் மேன்லியிலிருந்து ஷெல்லி பீச்சுக்குப் போகும் அந்த நடைபாதையில் நின்று எட்டிப் பார். கண்ணாடி போட்டு நீந்தினால் இன்னும் நல்லது. 2002-ல் மூடியது. நான் போன நாளில் இடுப்பளவு தண்ணீரிலேயே ஒரு பெரிய நீல க்ரோப்பர் வந்து, என் கையை முகர்ந்து பார்ப்பது போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அதற்கு அப்பால் ஒரு கூட்டம் லூடரிக். நான் இருபது வருடமாகப் பிடித்த மீன். ஆனால் நான் அதைத் தக்கை அமிழும் கணத்திலும், கரையில் துள்ளும் கணத்திலும்தான் பார்த்திருக்கிறேன். அது பாசியை மேய்வதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். தலையைச் சாய்த்து, பாறையில் ஒட்டிய பாசியை நறுக் நறுக்கென்று கடித்து இழுக்கிறது. அலை வரும்போது எல்லாம் ஒன்றாகப் பின்னால் போய், ஒன்றாக முன்னால் வருகின்றன. ஊரில் வயலில் ஆடு மேய்வது போலவே இருந்தது. இடம் சின்னதுதான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தாங்களே கேட்டு வாங்கி, தாங்களே காவல் காக்கிறார்கள். அதனால் நிலைக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று. ஆஸ்திரேலியா தன் கடலில் 52 சதவீதத்தைப் பாதுகாத்துவிட்டதாக 2024-ல் அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் கடைசியாகச் சேர்ந்த பெரிய துண்டு ஹெர்ட், மெக்டொனால்ட் தீவுகளைச் சுற்றியது. பெர்த்திலிருந்து ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் தென்மேற்கே, பெங்குவின்கள் வாழும் இடம். நல்ல காரியம்தான். ஆனால் அங்கே தூண்டிலோடு யாரும் நிற்பதில்லை, மனுவும் எழுதுவதில்லை. ஆட்கள் நிற்கும் கரையில்தான் கோடு போட முடியாமல் போகிறது.

கேள்வி: ஐயா, இணையத்தில் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறேன். மன்னார் வளைகுடாவில் 1986-லேயே 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் பாசி எடுக்கப் போனால் திருடியைப் போலப் பயந்து போக வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துகொண்டு கடலை மூடுவது நல்லது என்று எழுதுவது சுலபம்.
– ராமநாதபுரம் மாவட்ட வாசகி

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. அதை முழுதாக வாங்கிக்கொள்கிறேன். நான் பிறந்தது வேம்பார். என் சித்தப்பா வள்ளத்தில் போனவர். நீங்கள் சொல்லும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். விரல்களில் துணிச் சுருளைச் சுற்றிக்கொண்டு, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப்பாசிக்கும் முங்கி எழுவார்கள். கரைக்கு வரும்போது துணியை மீறி விரல் நுனி வெளுத்து, வெடித்திருக்கும்.

நான் எழுதியது ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரனைப் பற்றி. எனக்கு ஒரு பாறை போனால் மனவருத்தம், அவ்வளவுதான். அன்று இரவு என் வீட்டில் அடுப்பு எரியும். உங்கள் ஊர்ப் பெண்ணுக்குத் தீவு போனால் அன்றையக் கூலி போயிற்று. இரண்டுக்கும் ஒரே சட்டத்தை எழுதுகிறவர் இரண்டு கரையையும் பார்க்காதவர். பணம் கட்டிப் பொழுதுபோக்குகிற என்னைப் போன்றவர்கள் குரல் ஒரே மாதத்தில் அமைச்சர் காதுக்கு எட்டியது. உங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தலை குனிகிறது.

அதே சமயம், மன்னார் வளைகுடாவைக் காரணமில்லாமல் பூங்கா ஆக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். பவளப் பாறையை வெட்டி வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், வீடு கட்டக் கல்லாகவும் விற்றார்கள். விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவு கடலுக்குள் அமிழ்ந்தே போய்விட்டன. தீவுகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பாசி எடுத்தவளையும் பவளம் வெட்டியவனையும் ஒரே தட்டில் வைத்ததுதான் பிழை. பாசிப் பெண்கள் தாங்களே மாதத்தில் சில நாள்தான் கடலுக்குள் இறங்குவது, பாசியை வேரோடு சுரண்டாமல் கையால் பறிப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டதைப் படித்திருக்கிறேன். சட்டம் எழுதுகிறவர்கள் முதலில் அதைத்தான் கையில் எடுத்திருக்க வேண்டும்.

பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தபோது, மீனவர்களுக்குப் புதிய கட்டுப்பாடு எதுவும் வராது என்று சேர்த்தே சொன்னார்கள். வலையை அறுத்து, அதில் சிக்கிய கடற்பசுவைக் கடலிலேயே விடும் மீனவர்களுக்குப் பரிசும் கொடுக்கிறார்கள். அந்த வார்த்தை காப்பாற்றப்படுகிறதா என்று அந்தக் கரை ஆட்கள்தான் சொல்ல வேண்டும். யாராவது எழுதினால் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவேன்.

கேள்வி: எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது என்று போவதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது? போன மாதம் சிப்பி பொறுக்கிய என் மைத்துனருக்கு அபராதம் போட்டுவிட்டார்கள்.
– பிளாக்டவுன் வாசகர்

பதில்: மாநில மீன்வளத் துறையின் ஃபிஷ்ஸ்மார்ட் என்ற செயலியைத் தொலைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் விதி, மீனின் குறைந்தபட்ச நீளம், ஒரு நாளைக்கு எத்தனை, எல்லாம் அதில் இருக்கிறது. ஓர் அளவுகோலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லூடரிக் 27 சென்டிமீட்டர், ஸ்னாப்பர் 30, கிங்ஃபிஷ் 65. அதற்குக் குறைந்தால் தண்ணீருக்கே திரும்ப வேண்டும்.

மைத்துனர் விஷயம் பலருக்கும் நடக்கிறது. தூண்டில் போடத் தடையில்லாத இடத்திலும் பாறையில் ஒட்டிய சிப்பி, நத்தை, நண்டு எதையும் எடுக்கக் கூடாது என்று, கடல் ஏறும்போது மூழ்கி இறங்கும்போது வெளியே தெரியும் கரைப் பகுதிகள் சிலவற்றை ஒதுக்கியிருக்கிறார்கள். சிட்னி துறைமுகக் கரை முழுவதும் அதில் சேர்த்தி. நம் ஆட்கள் ஊர்ப் பழக்கத்தில் சட்டியோடு இறங்கிவிடுகிறோம்.

கடைசியாக, பாறையில் நின்று பிடிப்பவர்கள் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொள்ளுங்கள். ராண்ட்விக் உள்ளிட்ட பல இடங்களில் இது கட்டாயம், போடாவிட்டால் 100 டாலர் அபராதம். அபராதம் கிடக்கட்டும். பாறையிலிருந்து அலை இழுத்துப் போனவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். நீச்சல் தெரியும் என்று போகாதீர்கள். ஈரப் பாறை தெரிகிறது என்றால் அங்கே அலை வரும் என்று அர்த்தம்.

கேள்வி: எல்லாம் சரி. நாளைக்கே மறுபடி ஒரு திட்டம் வந்து உங்கள் பாறையையே மூடுகிறோம் என்றால் என்ன செய்வீர்கள்? நேர்மையாகச் சொல்லுங்கள்.
– கேம்ப்பெல்டவுன் வாசகர்

பதில்: நேர்மையாகவே சொல்கிறேன். வலிக்கும். அந்தப் பாறையில்தான் ஓர் ஆஸ்திரேலியக் கிழவர் எனக்கு லூடரிக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு இறால் வேண்டாம், கணவாய் வேண்டாம். ஓடையில் வளரும் நூல் போன்ற பச்சைப் பாசிதான் இரை. இரண்டு மூன்று இழையை முள்ளைச் சுற்றி, சடை பின்னுவது போலப் பின்ன வேண்டும். மீதிப் பாசியை நறுக்கி ஈர மணலோடு பிசைந்து கைப்பிடி கைப்பிடியாகத் தண்ணீரில் எறிந்தால் மீன் கூடும். நீளமான மெல்லிய தக்கை நின்றுகொண்டிருக்கும். மற்ற மீன் மாதிரி வெடுக்கென்று இழுக்காது. தக்கை மெதுவாக, யாரோ விரலால் அழுத்துவது போலக் கீழே போகும். முதல் நாள் அவசரப்பட்டு ஆறேழு மீனை விட்டேன். "பொறு, அது இன்னும் மென்றுகொண்டிருக்கிறது" என்றார். வீட்டுக்குப் போய் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வை உப்புப் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். எடுக்காவிட்டால் எத்தனை புளி விட்டாலும் குழம்பில் பாசி வாடை போகாது. அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் கொடுத்த தக்கையைத்தான் இன்றும் போடுகிறேன்.

கிரேட் பேரியர் ரீஃப்பில் 2004 ஜூலையில் மூடிய பரப்பை 5 சதவீதத்துக்கும் கீழே இருந்ததிலிருந்து 33-க்கு உயர்த்தினார்கள். அதற்கு முன்னால் 31,000-க்கு மேற்பட்ட கருத்து மனுக்களை வாங்கிப் படித்து, எல்லைகளை மாற்றி மாற்றி வரைந்தார்கள். அங்கேயும் தூண்டில்காரர்கள் எதிர்த்தார்கள், சண்டை போட்டார்கள். ஆனாலும் திட்டம் நின்றது. ஒதுங்க வேண்டி வந்த தொழில் மீனவர்களுக்குப் பணமும் கொடுத்தார்கள். சிட்னியில் அடுத்த முறை அப்படி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதிகாரிகள் சாயங்கால நேரத்தில் படகுத்துறைக்கே வரட்டும். வரைபடத்தைப் பெரிதாகக் கொண்டுவரட்டும். வியட்நாம் மொழியிலும், சீனத்திலும், அரபியிலும், தமிழிலும் சொல்லட்டும். ஒரு முனையை மூடினால், பேருந்து போகும் தூரத்தில் ஒரு படகுத்துறையை மூட மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கட்டும். மூடிய இடத்துக்குக் காவலும் போடட்டும்.

2018-ல் நான் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை இப்போது எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த திட்டம் வரும் நாளில் அனுப்பிவிடுவேன். "நான் நிற்கும் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் படகுத்துறையை விட்டுவிடுங்கள்" என்று அதில் இருக்கிறது. பாறையின் பெயரையும் எழுதியிருக்கிறேன்.